நான்கு அலகுகளில் ஓர் எழுத்து: தரவுத்தளத்திலும் முனையத்திலும் தமிழ்

கணினியின் நினைவகத்தில் இருப்பவை எண்கள் மட்டுமே. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்று மனிதர்கள் தமக்குள் வகுத்துக்கொண்ட உடன்படிக்கைக்குக் குறியேற்றம் என்று பெயர். ஆங்கிலத்துக்கு இந்த உடன்படிக்கை 1960-களிலேயே உறுதிப்பட்டுவிட்டதாலும், தரவுத்தளங்களும் முனையங்களும் அதையே அடித்தளமாகக் கொண்டு வடிவமைக்கப்பட்டதாலும், பிற எழுத்துமுறைகள் அவற்றுக்குள் நுழையும்போது ஒரே வகையான சிக்கல்கள் திரும்பத் திரும்ப எழுகின்றன. பெயர்ப் பட்டியலில் எழுத்துகளுக்குப் பதிலாகக் கேள்விக்குறிகள் நிற்பது, சேமித்த பெயர் தேடும்போது கிடைக்காமல் போவது, அகரவரிசை குலைவது, கட்டளைத் திரையில் எழுத்தும் துணைக்குறியும் பிரிந்து கிடப்பது ஆகிய அனைத்தும் வெவ்வேறு நோய்களாகத் தோன்றினாலும் அவற்றின் வேர் ஒன்றே.

ஆங்கிலத்தில் ஓர் எழுத்து என்பது ஒரு பைட்டாகவும், ஒரு குறியெண்ணாகவும், படிப்பவர் எண்ணும் ஓர் எழுத்தாகவும், திரையில் ஒரு கட்டமாகவும் ஒரே நேரத்தில் இருக்கிறது. இந்த நான்கு அலகுகளும் அங்கே தற்செயலாக ஒன்றுபட்டிருப்பதால், அவை வேறுவேறானவை என்பதையே பல மென்பொருள்கள் மறந்துவிட்டன. தமிழில் அவை நான்கும் பிரிந்து நிற்கின்றன. ஆகவே, இலத்தீன் அல்லாத எழுத்துகளைக் கையாள்வதன் சிக்கலை முழுமையாக ஆராய்வதற்குத் தமிழ் மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டாகிறது.

குறியேற்றங்கள் பெருகிய வரலாறு

1963-இல் வெளியான ஆஸ்கி என்னும் அமெரிக்கத் தரம் ஏழு பிட் அளவில் 128 இடங்களை வகுத்தது. ஆங்கில எழுத்துகளும் எண்களும் நிறுத்தற்குறிகளும் கருவிகளை இயக்கும் கட்டுப்பாட்டுக் குறிகளும் அதில் அடங்கின. எட்டாவது பிட்டையும் பயன்படுத்தினால் கிடைக்கும் மேற்பாதி 128 இடங்களை ஒவ்வொரு நாடும் தன் தேவைக்கேற்ப நிரப்பிக்கொண்டது. பன்னாட்டுத் தர நிறுவனத்தின் ஐஎஸ்ஓ 8859 வரிசை மேற்கு ஐரோப்பிய மொழிகள், சிரிலிக், அரபு, கிரேக்கம், ஈபுரு, தாய் எனத் தனித்தனிப் பகுதிகளாக வெளிவந்தது. அதில் தேவநாகரிக்கென எண்ணப்பட்ட 12-ஆம் பகுதி 1997-இல் கைவிடப்பட்டது. தமிழுக்கென ஒரு பகுதி வெளிவரவே இல்லை. ஆயிரக்கணக்கான எழுத்துகளைக் கொண்ட சப்பானியமும் சீனமும் ஓர் எழுத்துக்கு இரண்டு பைட்டுகளை ஒதுக்கும் குறியேற்றங்களை உருவாக்கிக்கொண்டன. சப்பானியத்தின் ஷிஃப்ட்-ஜிஸ் குறியேற்றத்தில் சில எழுத்துகளின் இரண்டாம் பைட், ஆஸ்கியில் பின்சாய்கோட்டைக் குறிக்கும் 92 என்னும் எண்ணாகவே அமைந்துவிட்டதால், அந்தக் கோட்டுக்குச் சிறப்புப் பொருள் தரும் நிரல்மொழிகளும் தரவுத்தளக் கட்டளைகளும் எழுத்தின் பாதியைக் கட்டளையாக எண்ணித் தடுமாறின.

இந்தியாவில் இந்தியத் தர நிறுவனம் 1991-இல் ஐஎஸ் 13194 என்ற எண்ணில் இஸ்கி குறியேற்றத்தை வெளியிட்டது. இந்திய எழுத்துமுறைகள் பலவற்றுக்கும் பொதுவான ஒரே அட்டவணையை அது முன்வைத்தது. நடைமுறையில் தமிழுக்குப் பரவலானவை எழுத்துரு சார்ந்த தீர்வுகளே. ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த பாமினி போன்ற எழுத்துருக்களைக் கொண்டு அச்சகங்களும் அலுவலகங்களும் இயங்கின. இந்தச் சிதறலை ஒழுங்குபடுத்தும் முயற்சியாக உலகத் தமிழ்க் கணிப்பொறியாளர்கள் இணையவழிக் கலந்துரையாடலால் திஸ்கி குறியேற்றத்தை உருவாக்கினார்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு டாம், டாப் ஆகிய இரண்டு தரங்களை அறிவித்தது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்நூல்களைத் திஸ்கியிலும் பின்னர் யூனிக்கோடிலும் வெளியிட்டது. ஒரே மொழிக்குப் பத்தாண்டுக்குள் இத்தனை குறியேற்றங்கள் தோன்றியதன் சுமையை இன்றும் பழைய தரவுத்தளங்கள் சுமந்துகொண்டிருக்கின்றன.

1991-இல் முதல் பதிப்பாக வெளிவந்த யூனிக்கோடு, உலகின் எழுத்துமுறைகள் அனைத்துக்கும் ஒரே எண்வரிசையை வகுத்தது. அதில் ஒவ்வொரு குறிக்கும் தரப்படும் எண் குறியெண் எனப்படும். தமிழுக்கு 2944 முதல் 3071 வரையிலான 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. இந்திய மொழிகளின் பகுதிகள் இஸ்கியின் 1988-ஆம் ஆண்டு வடிவத்தைப் பின்பற்றி அமைந்ததால், ககரத்துக்கு 2965 என்ற எண்ணும் ஙகரத்துக்கு 2969 என்ற எண்ணும் அமைந்து, இடையிலே தமிழில் இல்லாத மூன்று எழுத்துகளுக்கான இடங்கள் வெற்றாக நிற்கின்றன. உயிர்மெய்களுக்குத் தனி எண்கள் இல்லை. அகரமேறிய மெய்யும் அதன் பின் வரும் துணைக்குறியும் சேர்ந்தே உயிர்மெய் உருவாகிறது. அகரமேறிய மெய்யுடன் புள்ளி சேர்ந்தே தனிமெய் உருவாகிறது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரும் தேஸ்-16 என்னும் மாற்றுக் குறியேற்றத்தையும் தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிக்கோடுடன் சேர்த்துத் தரமாக அறிவித்தது. அது யூனிக்கோடின் தனிப்பயன் பகுதியில் அமைந்திருப்பதால், அதைப் புரிந்துகொள்ளும் மென்பொருள்களுக்கு இடையில் மட்டுமே பொருள்படுகிறது. பொதுவழக்கில் நிலைபெற்றது யூனிக்கோடே.

நான்கு அலகுகள்

குறியெண்ணை வட்டிலும் கம்பியிலும் எந்த வடிவில் எழுதுவது என்பது அடுத்த கேள்வி. 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வடிவமைத்த யூடிஎஃப்-8 இதற்கு இன்று மிகப் பரவலான விடை. ஆஸ்கி எழுத்துகளை அது ஒரு பைட்டில் அப்படியே வைத்துக்கொள்கிறது. பிறவற்றுக்கு இரண்டு முதல் நான்கு பைட்டுகள் வரை எடுத்துக்கொள்கிறது. பல பைட் எழுத்தின் எந்தப் பகுதியிலும் ஆஸ்கி எண் வராதபடி அமைந்திருப்பதால், ஷிஃப்ட்-ஜிஸ்ஸில் நேர்ந்த பின்சாய்கோட்டுக் குழப்பம் இதில் நேர்வதில்லை. அடிப்படைத் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் இதில் மூன்று பைட்டுகள் பெறும். ககரத்தின் மூன்று பைட்டுகள் 224, 174, 149 ஆகும்.

‘தமிழ்’ என்னும் சொல்லை எடுத்துக்கொண்டால் அலகுகளின் வேறுபாடு தெளிவாகும். படிப்பவர் எண்ணுவது த, மி, ழ் ஆகிய மூன்று எழுத்துகள். யூனிக்கோடு எண்ணுவது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி ஆகிய ஐந்து குறியெண்கள். யூடிஎஃப்-8 வடிவில் அது 15 பைட்டுகள். முனையங்கள் பரவலாகப் பின்பற்றும் அகலக் கணக்கின்படி அது நான்கு கட்டங்கள். சொல்லின் நீளம் என்ன என்று கேட்டால் மூன்று, ஐந்து, பதினைந்து, நான்கு ஆகிய நான்கு விடைகளும் அதனதன் அளவில் சரியானவை. ஒரு மென்பொருள் ஒன்றைக் கேட்டு மற்றொன்றைப் பெற்றுக்கொள்ளும்போதுதான் பிழை பிறக்கிறது.

இணைப்பில் நேரும் திரிபு

தரவுத்தளத்துக்குள் ஒரு சொல் சென்று சேர்வதற்குள் பயன்பாட்டு நிரல், இணைப்பு, சேவையகம், அட்டவணைப் புலம் ஆகிய நான்கு இடங்களிலும் குறியேற்றம் அறிவிக்கப்படுகிறது. இவற்றில் ஒன்று பொய்யாக அறிவித்தாலும் சொல் திரிகிறது. மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் பல ஆண்டுகளாக இலத்தீன்-1 என்னும் மேற்கு ஐரோப்பியக் குறியேற்றத்தையே முன்னிருப்பாக வைத்திருந்து, 2018-இல் வெளியான 8.0 பதிப்பில்தான் முழுமையான யூடிஎஃப்-8-க்கு மாறியது என்பதால், இந்தத் திரிபு அங்கே மிகுதியாகக் காணப்பட்டது.

திரிபு இரு வகைப்படும். முதல் வகையில், புலம் இலத்தீன்-1 ஆக இருக்க, நிரல் தான் யூடிஎஃப்-8 அனுப்புவதாக உண்மையாகவே அறிவிக்கிறது. சேவையகம் தமிழ் எழுத்தை இலத்தீன்-1 வடிவத்துக்கு மாற்ற முயன்று, அங்கே அதற்கு இடமில்லாததால் கேள்விக்குறியை எழுதிவைக்கிறது. இந்த இழப்பு மீட்க முடியாதது; கேள்விக்குறியிலிருந்து எந்த எழுத்தையும் திரும்பப் பெற இயலாது. 5.7 பதிப்பு முதல் முன்னிருப்பாக உள்ள கண்டிப்பு முறை, இப்படி எழுதாமல் பிழை அறிவித்து நிறுத்திவிடுகிறது. நிரல் நின்றுபோவது தொல்லையாகத் தோன்றினாலும், தரவு அமைதியாக அழிவதைக் காட்டிலும் அதுவே மேலானது.

இரண்டாம் வகை இரட்டைக் குறியேற்றம் எனப்படுகிறது. நிரல் யூடிஎஃப்-8 பைட்டுகளை அனுப்பிக்கொண்டே, தான் இலத்தீன்-1 அனுப்புவதாக அறிவிக்கிறது. புலமோ யூடிஎஃப்-8 ஆக இருக்கிறது. சேவையகம் ஒவ்வொரு பைட்டையும் ஒரு தனி ஐரோப்பிய எழுத்தாக எண்ணி மீண்டும் குறியேற்றுகிறது. ககரத்தின் மூன்று பைட்டுகளும் முறையே இரண்டு, இரண்டு, மூன்று எனப் பெருகி ஏழு பைட்டுகளாகின்றன. அதே தவறான அறிவிப்புடன் படிக்கும் நிரலுக்கு எதிர்மாற்றம் நிகழ்ந்து தமிழ் சரியாகவே தெரிவதால், பிழை ஆண்டுக்கணக்கில் மறைந்திருக்கிறது. புதிய நிரலோ புதிய இணைப்பு நூலகமோ சரியான அறிவிப்புடன் வந்து சேரும் நாளில்தான் அட்டவணை முழுவதும் ஐரோப்பியக் குறிகளின் குவியலாகத் தோன்றுகிறது.

இதை மீட்கலாம்: சேமித்ததை இலத்தீன்-1 வடிவத்துக்கு மாற்றி, அந்தப் பைட்டுகளை எழுத்து என்ற பொருளின்றி வெறும் இருமத் தரவாகக் கொண்டு, பின்னர் யூடிஎஃப்-8 என்று வாசித்தால் மூலம் கிடைக்கும். ஆனால் மீட்கும் கருவியைத் தேர்ந்தெடுப்பதில் தமிழுக்கென ஓர் ஆபத்து உண்டு. மைஎஸ்கியூஎல்லின் இலத்தீன்-1 சார்ந்திருக்கும் விண்டோஸின் 1252 என்னும் குறியேற்றத்தில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்கள் வெற்றிடங்கள். தமிழில் உகரக் குறியின் கடைசி பைட் 129; புள்ளியின் கடைசி பைட் 141; ஏகாரத்தின் கடைசி பைட் 143; ஐகாரத்தின் கடைசி பைட் 144. வெற்றிடங்களை எறிந்துவிடும் கருவியால் மீட்டால் தமிழில் மிகுதியாக வரும் புள்ளியும் உகரமும் சிதைந்துபோகும். மைஎஸ்கியூஎல் இந்த ஐந்து இடங்களையும் இழப்பின்றிக் கடத்துகிறது என்பதால், மீட்பை அந்தத் தரவுத்தளத்துக்கு உள்ளேயே செய்வதுதான் பாதுகாப்பானது.

மைஎஸ்கியூஎல்லில் யூடிஎஃப்-8 என்ற பெயரால் நெடுங்காலம் வழங்கியது மூன்று பைட்டுகளுக்கு மேல் ஏற்காத குறை வடிவம் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். நான்கு பைட்டுகளையும் ஏற்கும் முழு வடிவம் 2010-இல் 5.5.3 பதிப்பில் தனிப்பெயருடன் வந்தது. அடிப்படைத் தமிழ் எழுத்துகள் மூன்று பைட்டுகளில் அடங்குவதால் இந்தக் குறை தமிழருக்குப் பொருட்டல்ல என்று கருதப்பட்டது. ஆனால் 2019-இல் யூனிக்கோடு 12.0 பதிப்பு முந்திரி முதலான தமிழ்ப் பின்னங்களும் பழைய கணக்குக் குறியீடுகளுமாக 51 குறிகளைத் தமிழ்த் துணைப்பகுதியாகச் சேர்த்தது; அவை அனைத்தும் நான்கு பைட்டுகள் வேண்டுபவை. பழைய நிலக்கணக்குச் சுவடிகளையும் கல்வெட்டுகளையும் பதிவுசெய்யும் தரவுத்தளம் குறை வடிவத்தில் இருந்தால், கண்டிப்பு முறை இல்லாத நிலையில், பின்னக்குறி வரும் இடத்திலேயே சரம் அறுந்துவிடும்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் தவறான பைட் வரிசையை வாயிலிலேயே மறுப்பதால் இவ்வகைத் திரிபு அங்கே அரிது. ஆயினும் எஸ்கியூஎல்-ஆஸ்கி என்ற பெயரில் அது தரும் தேர்வு எந்தச் சோதனையும் மாற்றமும் செய்யாமல் பைட்டுகளை அப்படியே வாங்கிவைப்பதால், அந்தத் தேர்வில் தொடங்கிய தரவுத்தளத்தில் திஸ்கியும் யூடிஎஃப்-8-உம் கலந்து கிடக்க வாய்ப்புண்டு. மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வரில் நிலைமை வேறு. விண்டோஸில் தமிழ் தொடக்கம் முதலே யூனிக்கோடு வழியாக மட்டுமே இயங்கும் மொழி என்பதால், வட்டாரக் குறியேற்றத்தைச் சார்ந்த சாதாரண எழுத்துப் புலத்தில் தமிழைச் சேமிக்கவே முடியாதிருந்தது. யூடிஎஃப்-16 வடிவிலான தேசிய எழுத்துப் புலத்தையே நாட வேண்டியிருந்தது. கட்டளையில் எழுதும் சரத்துக்கு முன்னால் அதற்குரிய முன்னொட்டை இட மறந்தால் அங்கும் கேள்விக்குறிகளே மிஞ்சும். 2019 பதிப்பில்தான் சாதாரணப் புலங்களுக்கும் யூடிஎஃப்-8 கிடைத்தது.

புலத்தின் நீளம்

ஒரு புலத்தில் 40 எழுத்துகள் அடங்கும் என்று வடிவமைப்பாளர் எழுதும்போது எதை எழுத்து என்கிறார் என்பது தரவுத்தளத்துக்குத் தரவுத்தளம் மாறுகிறது. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லும் மைஎஸ்கியூஎல்லும் குறியெண்களை எண்ணுகின்றன. ஆரக்கிள் முன்னிருப்பாகப் பைட்டுகளை எண்ணுகிறது; எழுத்தளவில் எண்ணும்படி தனியாக அறிவிக்க வேண்டும். ‘தமிழ்ச்செல்வன்’ என்னும் எட்டெழுத்துப் பெயர் 14 குறியெண்களும் 42 பைட்டுகளும் கொண்டது. பைட் கணக்கில் 40 என வரையறுத்த ஆரக்கிள் புலம் அந்தப் பெயரை ஏற்காமல் பிழை சொல்லும். ஆங்கிலப் பெயர்களுக்குத் தாராளமாக அமைந்த புலம், தமிழ்ப் பெயருக்கு மூன்றில் ஒரு பங்குகூடத் தராமல் போகிறது. குடும்ப அட்டையிலும் நிலப்பட்டாவிலும் பெயர்கள் சுருங்கியோ அறுந்தோ பதியும் நிலைக்கு இத்தகைய வரையறை ஒன்றே போதுமானது.

குறியெண்களை எண்ணும் தரவுத்தளத்திலும் முதல் சில எழுத்துகளை வெட்டித் தரும் செயற்பாடு எழுத்தெல்லையை அறியாது. ‘தமிழ்’ என்பதன் முதல் நான்கு குறிகளைக் கேட்டால் புள்ளியிழந்து ‘தமிழ’ என்றும், முதல் இரண்டைக் கேட்டால் ‘தம’ என்றும் கிடைக்கும். பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக எடுக்கும் நிரல் ‘முருகன்’ என்பதிலிருந்து முகரத்தை எடுக்காமல் மகரத்தை எடுத்துவிடும். படிப்பவர் எழுத்தாக எண்ணும் அலகை யூனிக்கோடு தன் 29-ஆம் இணைப்பறிக்கையில் எழுத்துக்கொத்து என வரையறுத்திருக்கிறது. வெட்டுவதும் எண்ணுவதும் அந்த வரையறையைப் பின்பற்றும் நூலகங்களின் வழியாகவே நடைபெற வேண்டும்.

ஒரே சொல், இரு வடிவம்

‘கொடி’ என்னும் சொல்லில் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். எகரக் குறியும் கால் குறியும் அடுத்தடுத்து வரும் இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டுக்கும் வேறுபாடில்லை. பைட்டுகளை ஒப்பிடும் தரவுத்தளத்துக்கு அவை இரு வேறு சொற்கள். ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் ஔகார உயிருக்கும் இதே நிலைதான். ஒரே பெயர் இருமுறை பதியாதபடி காக்கும் தனித்தன்மைக் கட்டுப்பாடு இந்த இரண்டு வடிவங்களையும் அனுமதித்துவிடும். தேடுபவருக்கு ஒன்று மட்டுமே கிடைக்கும்.

சம மதிப்புடைய வடிவங்களை ஒன்றாக்கும் முறையை யூனிக்கோடு இயல்பாக்கம் என்கிறது. சேர்த்தெழுதும் வடிவத்தையே பொது வடிவமாகக் கொண்டு, தரவு உள்ளே வரும்போதே இயல்பாக்குவதுதான் நிலையான தீர்வு. போஸ்ட்கிரெஸ்கியூஎல் 13-ஆம் பதிப்பு முதல் இதற்கான செயற்பாட்டைத் தன்னுள்ளேயே கொண்டிருக்கிறது.

இயல்பாக்கம் தீர்க்காத வேறுபாடுகளும் உண்டு. ‘ஸ்ரீ’ என்பதை ஸகரத்தோடு தொடங்கியும் எழுதலாம். 2005-இல் யூனிக்கோடு 4.1 பதிப்பில் சேர்க்கப்பட்ட ஶகரத்தோடு தொடங்கியும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம் பெறுகின்றன. யூனிக்கோடு அவற்றைச் சமமாகக் கருதுவதில்லை. ஔகாரக் குறியின் வலப்பகுதிக்குப் பதிலாக ளகரத்தைத் தட்டுவது, ககரத்துக்குப் பதிலாக அதேபோல் தோன்றும் தமிழ் எண் ஒன்றைத் தட்டுவது, எழுத்துகளின் இணைப்பைத் தடுக்கும் அகலமற்ற குறி கண்ணுக்குத் தெரியாமல் சொல்லுக்குள் தங்கிவிடுவது ஆகியவற்றையும் இயல்பாக்கம் தொடாது. இவற்றைக் களையும் விதிகளைத் தமிழறிந்தவர்களே வகுத்து நிரலில் சேர்க்க வேண்டும்.

வரிசையும் தேடலும்

குறியெண் வரிசையில் சொற்களை அடுக்கினால் தமிழ் அகரவரிசை கிடைக்காது. யூனிக்கோடின் தமிழ்ப் பகுதியில் னகரம் நகரத்துக்கு அடுத்தும், றகரம் ரகரத்துக்கு அடுத்தும், ளகரமும் ழகரமும் லகரத்துக்கு அடுத்தும் நிற்கின்றன. அதன்படி ‘பனை’ என்பது ‘பல்’ என்பதற்கு முன்னே வந்துவிடும். னகரத்தை இறுதி மெய்யாகக் கொண்ட மரபுவரிசையில் ‘பல்’ முந்த வேண்டும். தனிமெய்யின் இடமும் மாறிவிடுகிறது. அகராதிகளில் ‘அக்கா’ முன்னும் ‘அகம்’ பின்னும் வருகின்றன. புள்ளிக்குக் குறியெண் வரிசையில் மிகப் பின்னே இடம் தரப்பட்டிருப்பதால், எண்ணால் அடுக்கும் தரவுத்தளம் ‘அகம்’ என்பதை முதலில் தரும். எஸ்கியூலைட் முன்னிருப்பாக இப்படித்தான் பைட் வரிசையில் அடுக்குகிறது.

மொழிவாரி வரிசை விதிகளை யூனிக்கோடு சார்ந்த பொது வட்டாரத் தரவுக் களஞ்சியம் தொகுத்துத் தருகிறது. ஐசியு என்னும் நூலகம் அவற்றைச் செயற்படுத்துகிறது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் 2017-இல் வெளியான 10-ஆம் பதிப்பு முதல் இந்நூலகத்தின் வரிசைமுறைகளைப் பயன்படுத்த இடமளிக்கிறது. வரிசை விதிகள் காலந்தோறும் திருத்தப்படுபவை என்பதையும் நிர்வாகிகள் மறக்கக் கூடாது. 2018-இல் லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி 2.28 பதிப்பு வரிசை விதிகளைப் பெரிதும் மாற்றியபோது, பழைய வரிசையில் கட்டிய சுட்டுகள் புதிய வரிசையோடு முரண்பட்டு, இருக்கும் தரவையே இல்லை என்று சொல்லும் நிலை ஏற்பட்டது. இயங்குதளத்தை மேம்படுத்தும்போது எழுத்துப் புலங்களின் சுட்டுகளை மீண்டும் கட்டுவது இதனால் கட்டாயமாகிறது.

தேடலில் சொல்லெல்லையைத் தீர்மானிப்பது இன்னொரு சிக்கல். துணைக்குறிகளையும் புள்ளியையும் யூனிக்கோடு எழுத்து என்ற வகையில் சேர்க்காமல் சேர்க்கைக்குறி என்ற வகையில் வைத்திருக்கிறது. எழுத்தும் எண்ணும் மட்டுமே சொல்லின் பகுதி என்று கொள்ளும் நிரல்கள், குறி வரும் ஒவ்வோரிடத்திலும் சொல்லை உடைத்துவிடுகின்றன. பைத்தான் மொழியின் அடிப்படை வடிவத்தேடல் நூலகமும், எஸ்கியூலைட்டின் ஐந்தாம் தலைமுறை முழுவுரைத் தேடலின் முன்னிருப்பும் இத்தன்மையுடையவை. எஸ்கியூலைட்டில் சேர்க்கைக்குறி வகைகளையும் சொல்லின் பகுதியாக அறிவித்துவிட்டால் குறை நீங்கும். அப்படி அறிவிக்க வேண்டும் என்பது ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது.

முனையமும் கட்டமும்

1978-இல் டெக் நிறுவனம் வெளியிட்ட விடி-100 முனையம் 80 நெடுவரிசையும் 24 கிடைவரிசையும் கொண்ட கட்டத் திரை. இன்றைய கணினிகளின் கட்டளைத் திரைகள் அதையே மென்பொருளாகப் பின்பற்றுகின்றன. நிரல் ஒவ்வோர் எழுத்துக்கும் எத்தனைக் கட்டம் என்று கணக்கிட்டுச் சுட்டியை நகர்த்துகிறது. முனையமும் தன் பங்குக்குத் தனியே கணக்கிடுகிறது. இருவர் கணக்கும் ஒத்துப்போனால்தான் திரை குலையாமல் இருக்கும். சீன, சப்பானிய, கொரிய எழுத்துகளுக்கு இரண்டு கட்டங்கள் என்ற விதி யூனிக்கோடின் 11-ஆம் இணைப்பறிக்கையின் துணையால் நிலைபெற்றுவிட்டது. இந்திய எழுத்துகளுக்கு அத்தகைய உடன்பாடு உருவாகவில்லை.

மார்க்கஸ் கூன் எழுதிய அகலக் கணக்கு நிரலே பலவற்றுக்கும் முன்மாதிரி. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் கட்டளைக் கருவி தன் அட்டவணைகளை ஒழுங்கமைப்பதும் அதன் வழிவந்த நிரலால்தான். இடம் எடுக்காத குறி என யூனிக்கோடு வகைப்படுத்தியவற்றுக்கு அது சுழியும், இடம் எடுக்கும் குறிகளுக்கு ஒன்றும் தருகிறது. தமிழில் புள்ளியும் ஈகாரக் குறியும் முதல் வகை. இகர, உகர, எகர, ஒகரக் குறிகள் இரண்டாம் வகை. ஆகவே ‘கி’ இரண்டு கட்டங்களும் ‘கீ’ ஒரே கட்டமும் பெறுகின்றன. ‘கொ’ சேர்த்தெழுதினால் இரண்டும் பிரித்தெழுதினால் மூன்றும் பெறுகிறது. எகர, ஏகார, ஐகாரக் குறிகள் நினைவகத்தில் மெய்க்குப் பின்னே இருந்து, எழுத்தில் அதன் இடப்புறம் நிற்பவை. கட்டம் கட்டமாக வரையும் முனையம் அவற்றை வலக்கட்டத்தில் புள்ளிவட்டத்தோடு தனித்து நிறுத்திவிடுகிறது. லினக்ஸின் வரைகலையற்ற கட்டளைத் திரை அதிகபட்சம் 512 எழுத்துருவங்களையே ஏற்பதோடு, எழுத்துகளைக் கூட்டி வடிவமைக்கும் திறனும் அதற்கு இல்லை.

குறியேற்ற அமைப்பு தவறினால் முனையத்தில் காட்சி மட்டுமின்றி இயக்கமும் கெடலாம். ஈசிஎம்ஏ-48 என்னும் தரம் 128 முதல் 159 வரையிலான எண்களை இரண்டாம் கட்டுப்பாட்டுக் குறிகளாக வைத்திருக்கிறது. ஐகாரத்தின் கடைசி பைட் 144, ஞகரத்தினுடையது 158, டகரத்தினுடையது 159. இம்மூன்றும் அந்தத் தரத்தில் கட்டளைச் சரத்தின் தொடக்கக் குறிகள். ஜகரத்தின் கடைசி பைட்டான 156 அச்சரத்தின் முடிவுக் குறி. யூடிஎஃப்-8 முறையில் இயங்காமல் எட்டு பிட் கட்டுப்பாட்டுக் குறிகளை ஏற்கும் முனையத்துக்குத் தமிழை அனுப்பினால், டகரத்துக்குப் பின் வருவதை அது திரையில் காட்டாமல் விழுங்கிவிடக்கூடும். வட்டார அமைப்பில் யூடிஎஃப்-8 அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்பதை நேரக்கட்டளைகள், தொலைச்சேவையகங்கள், கொள்கலன்கள் ஆகிய ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியே சரிபார்ப்பது இதனால் இன்றியமையாததாகிறது. பைத்தான் 3.7 பதிப்பு முதல், அமைப்பு ஏதும் அறிவிக்கப்படாத சூழலில் யூடிஎஃப்-8-ஐயே கொள்வது இந்தச் சுமையைக் கொஞ்சம் குறைத்திருக்கிறது.

தீர்வுகள் மெல்லத் தோன்றிவருகின்றன. எம்எல்டெர்ம் போன்ற பன்மொழி முனையங்கள் இந்திய எழுத்துகளைக் கூட்டி வரைகின்றன. எழுத்துக்கொத்து முழுவதையும் ஓரலகாகக் கொண்டு அகலம் கணக்கிடும் 2027 என்னும் எண்ணுடைய முறைமையைக் கான்டூர் முதலிய சில புதிய முனையங்கள் ஏற்றிருக்கின்றன. நிரலும் முனையமும் தாம் எந்தக் கணக்கைப் பின்பற்றுகின்றன என்று ஒன்றையொன்று கேட்டறியும் வழி பரவலாகும் வரை, முனையத்தில் தமிழ் அட்டவணை சாய்ந்தே நிற்கும். தரவைச் சரிபார்ப்பவர்கள் திரையின் தோற்றத்தை நம்பாமல், குறியெண்களைக் காட்டச்சொல்லிப் பார்க்க வேண்டும்.

பழைய தரவுகளின் மீட்பு

எழுத்துருவை மட்டும் நம்பிச் சேமித்த தரவுகள் தனிக் கவனம் வேண்டுபவை. பாமினி எழுத்துருவில் பகரமும் புகரமும் ஒரே ஆங்கில எழுத்தின் சிறிய, பெரிய வடிவங்களில் அமைந்திருக்கின்றன. சிறிய எழுத்து, பெரிய எழுத்து வேறுபாடு பாராமல் ஒப்பிடும் தரவுத்தளத்தில் அவை இரண்டும் ஒன்றாகிவிடும். புள்ளியின் இடத்தில் இருப்பது ஆங்கில அரைப்புள்ளி. தரவுத்தளக் கட்டளையை முடிக்கும் குறியும் அதுவே. தேடல், வரிசை, ஏற்றுமதி ஆகிய அனைத்திலும் இத்தரவு ஆங்கிலக் குப்பையாகவே கருதப்படும். யூனிக்கோடுக்கு மாற்றும்போது, எழுத்தின் இடப்புறம் முன்னே தட்டப்பட்ட எகர, ஏகார, ஐகாரக் குறிகளை மெய்க்குப் பின்னே நகர்த்துவதும், இரு பக்கமும் பிரிந்து நிற்கும் ஒகர, ஓகாரக் குறிகளை ஒன்றுசேர்ப்பதும், இடையில் கலந்துள்ள உண்மையான ஆங்கிலச் சொற்களைத் தொடாமல் விடுவதும் வேண்டும். திஸ்கியும் காட்சி வரிசையையே பின்பற்றியதால், அதற்கும் இதே மறுவரிசை தேவைப்படுகிறது. எந்தப் புலம் எந்த எழுத்துருவில் தட்டப்பட்டது என்ற குறிப்பு தொலைந்த தரவை எந்த நிரலும் முழுமையாக மீட்க இயலாது. மாற்றத்துக்கு முன் மூலப் பைட்டுகளைப் படியெடுத்து வைப்பது இதனாலேயே முதல் கடமையாகிறது.

முடிவுரை

இதுவரை கண்டவற்றிலிருந்து ஒரு முடிவு தெளிவாகிறது. யூனிக்கோடுக்கு மாறிவிட்டோம் என்ற அறிவிப்போடு இப்பணி முடிவதில்லை. யூனிக்கோடு எழுத்துக்கு எண் தந்தது; அந்த எண்களை அளப்பதும் ஒப்பிடுவதும் அடுக்குவதும் காட்டுவதும் ஒவ்வோர் அடுக்கிலும் தனித்தனியே முறைப்படுத்தப்பட வேண்டியவை. புதிய தரவுத்தளம் அமைப்போர் யூடிஎஃப்-8-இன் முழு வடிவத்தை எல்லா அடுக்குகளிலும் அறிவிக்க வேண்டும். கண்டிப்பு முறையை அணைக்கக் கூடாது. புலத்தின் நீளத்தைத் தமிழ்ப் பெயர்களைக் கொண்டு வரையறுக்க வேண்டும். வாயிலிலேயே இயல்பாக்க வேண்டும். தமிழ் வரிசைமுறையைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இவற்றில் எதுவும் அரிய தொழில்நுட்பமன்று. எல்லாம் இன்று கட்டணமின்றிக் கிடைக்கும் கருவிகளால் செய்யக்கூடியவை. இல்லாதது சோதனை மட்டுமே. அரசுத் துறைகளும் வங்கிகளும் பல்கலைக்கழகங்களும் மென்பொருளைப் பெற்றுக்கொள்ளும் முன், புள்ளியும் உகரமும் ஒகரமும் ஸ்ரீயும் பின்னக்குறியும் கொண்ட சொற்பட்டியல் ஒன்றைச் சேமித்து, தேடி, அடுக்கி, வெட்டி, திரும்பப் பெற்றுப் பார்ப்பதை ஒப்பந்த நிபந்தனையாகவே வைக்க வேண்டும். ஒரு குடிமகனின் பெயர் அவர் எழுதும் வடிவிலேயே அரசின் ஏட்டில் நிலைப்பது சலுகையன்று. அது அவருக்குரிய உரிமை.